லண்டனிலிருந்து பிரான்ஸ் வருகிறீர்களா? முதலில் பெயர்ப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டு வாருங்கள்

போன செவ்வாய்க்கிழமை என்னுடைய கார்ட் வித்தால் தபாலில் வந்தது. 2023 ஓகஸ்டில் லண்டனிலிருந்து இங்கே குடிவந்தோம். ஒரு சுகாதார அட்டை கைக்கு வர 14 மாதம். கடித உறையைப் பிரித்தபோது கை நடுங்கியது, அவ்வளவு அலைந்திருக்கிறேன். மனதில் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இனி வருகிறவர்களுக்காவது உதவட்டும்.

விசா, பயணம், சாமான் கொண்டுவந்தது எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. கணவருக்குப் பாரிசில் வேலை கிடைத்ததால் குடும்ப விசாவும் கூடவே வந்தது. அதுவரைக்கும் சந்தோஷம்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே உள்ள சொந்தக்காரர்களின் அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. கணவரின் அண்ணா, எனக்கு அத்தான், 30 வருடமாகப் பாரிசின் புறநகரான லா கூர்னெவ்வில் இருக்கிறார். அவர் செய்த உதவிக்கு அளவே இல்லை. ஆனால் அவர் அகதியாக வந்தவர். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலான பத்திரத்தை ஒஃப்ப்ரா என்ற பிரெஞ்சு நிறுவனமே பிரெஞ்சு மொழியில் எழுதிக் கொடுத்துவிடும். அதனால் அவர் வாழ்க்கையில் ஒரு நாளும் ஊர்ப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராகத் திரியவில்லை. பிரெக்சிற்றுக்கு முன்னர் லண்டனிலிருந்து வந்த நண்பர்களுக்கும் வரும்போது விசா, வதிவிட அட்டை என்ற தொல்லை இருக்கவில்லை. 2021 ஜனவரிக்குப் பிறகு வந்த நாங்கள் இந்த இரண்டு கூட்டத்திலும் இல்லை. ஆளுக்கொரு ஆலோசனை சொன்னார்கள், பாதி எங்களுக்குப் பொருந்தவில்லை.

வந்த புதிதில் அத்தான் வீட்டில் இருந்தோம். அந்த நேரத்தில் விலாசத்துக்கு ஆதாரமாக அத்தான் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, அவர் பெயரில் உள்ள கரண்ட் பில், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் செல்லும். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். வாடகை வீடு தேடியது தனிக் கதை. கணவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து பரீட்சார்த்தக் காலத்தில் இருந்ததால் ஒரு வீட்டுக்காரரும் எங்கள் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் அத்தானே பிணை நின்றார்.

வீடு கிடைத்தவுடன் நான் செய்த முதல் பிழை கரண்ட் கணக்கைக் கணவர் பெயரில் மட்டும் திறந்தது. இந்த நாட்டில் உங்கள் பெயர் போட்ட கரண்ட் பில்தான் நீங்கள் இங்கே வசிப்பதற்குச் சாட்சி, அதுவும் 3 மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வங்கியில் எனக்குக் கணக்குத் திறக்கப் போனால் "இது உங்கள் கணவரின் பில், உங்களுடையது எங்கே?" என்று கேட்டார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் இரண்டு பெயரையும் சேர்த்துவிட்டார்கள், ஆனால் அது தெரியாமல் நான் மூன்று வாரம் இழந்தேன். முதல் நாளே இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள்.

சரி, இனிப் பெயர் விஷயம்.

பிரான்சில் கலியாணம் செய்தாலும் பெண்ணின் பெயர் மாறாது. பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர்தான் சாகும்வரை அரச பதிவில் இருக்கும், கணவர் பெயரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிரித்தானியாவில் அப்படியில்லை, கலியாணச் சான்றிதழைக் காட்டிக் கடவுச்சீட்டையே கணவர் பெயருக்கு மாற்றிவிடுவோம். எங்களுக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. கலியாணத்துக்கு முன்னர் என் பெயரோடு அப்பாவின் பெயர், பிறகு கணவரின் பெயர். யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, அப்பாவின் பெயர் வேறு கட்டத்தில். ஆக, என் கடவுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போவது அந்த ஒரு சொல்லும் பிறந்த திகதியும்தான். பிரெஞ்சு அதிகாரி ஒருவருக்கு இது இரண்டு வேறு ஆட்கள்.

நவம்பரில் அரச மருத்துவக் காப்பீட்டுக்கான கோப்பை அனுப்பினேன். பெப்ரவரியில் பதில் வந்தது, எல்லாம் குறை. பிள்ளைகளுக்கு நான் வைத்தது லண்டனில் பிறந்தவுடன் தந்த குறுஞ்சான்றிதழ். அதில் தாய் தகப்பன் பெயர் இருக்காது, இங்கே அது வெறும் காகிதம். முழுச் சான்றிதழ்தான் வேண்டும். இங்கிலாந்துப் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையத்தளத்தில் பதிந்து எடுத்தேன், அப்போது ஒன்று 11 பவுண்டு. இன்னொன்று, இங்கே பிறப்புச் சான்றிதழ் என்றாலே "3 மாதத்துக்கு உட்பட்டதா?" என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. பிரெஞ்சுச் சான்றிதழில் கலியாணம், விவாகரத்து எல்லாம் ஓரத்தில் எழுதிக்கொண்டே வருவார்கள், அதனால் புதுப் பிரதிக்கு அர்த்தம் உண்டு. நம்முடையது பிறந்த நாளில் எப்படியோ அப்படியே கிடக்கும். இதை விளங்கப்படுத்த முயன்று களைத்துவிட்டேன். விவாதிக்காதீர்கள், புதுப் பிரதி எடுங்கள். அடியில் உள்ள வழங்கிய திகதி புதிதாக இருந்தால் போதும், பேசாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

என்னுடைய சான்றிதழுக்குச் சித்தியின் மகன் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் புதுப் பிரதி எடுத்து அனுப்பினான். பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு என்னிடம் இருந்தது, இங்கே அது செல்லாது. பிரெஞ்சு நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். பட்டியல் மேன்முறையீட்டு நீதிமன்றங்களின் இணையத்தளத்திலேயே இருக்கிறது, தமிழுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது உங்கள் கடவுச்சீட்டின் பிரதியையும் பழைய பத்திரங்களையும் கட்டாயம் கொடுங்கள், "இந்த எழுத்துக்கூட்டலையே போடுங்கள்" என்று வாயாலும் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அவர் தமிழைப் பார்த்து அப்பாவின் பெயரை நேராக எழுதிவிட்டார், லண்டன் பத்திரங்களில் கடைசியில் இருக்கும் 'எச்' எழுத்து அதில் இல்லை. ஒரு எழுத்துக்காக மறுபடி 70 யூரோ கட்டித் திருத்தி எடுத்தேன்.

ஏப்ரலில் இரண்டாம் தடவை அனுப்பினேன். ஜூனில் சந்திப்புக்கு நாள் தந்தார்கள், காலை 10.15. சின்னவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். அக்காவிடம் (அத்தானின் மனைவி) விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து அலுவலகத்துக்குப் போய் வாசலில் பெயரைச் சொன்னேன். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "இது தொலைபேசிச் சந்திப்பு, மதாம். அவர்கள் உங்களுக்கு அழைப்பார்கள்" என்றார். கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறேன், சத்தத்தை நிறுத்தி கைப்பையில் போட்டிருந்தேன், தெரியாத இலக்கத்திலிருந்து இரண்டு அழைப்பு. நேரம் 10.22. உள்ளே இருக்கிற யாரோ ஒருவர்தான் எனக்கு அழைத்திருக்கிறார், நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். ஒரு நிமிடம் பேசவிடுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது, நீங்கள் சமுகமளிக்கவில்லை என்று பதிவாகிவிட்டது, புதிதாக நாள் எடுங்கள் என்றார். பஸ் தரிப்பில் இருந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. சந்திப்பு உறுதிப்படுத்தும் செய்தியில் 'தொலைபேசி' என்ற சொல் இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசியுங்கள்.

அடுத்த தடவை எனக்குப் புத்தி வந்தது. நேராக அங்கே போகாமல் பக்கத்து ஊரில் உள்ள பிரான்ஸ் செர்விஸ் நிலையத்துக்குப் போனேன். அரச அலுவல்களுக்கு இலவசமாக உதவுகிற இடம் அது, நாடு முழுக்க இருக்கிறது. அங்கே இருந்த பிள்ளை நேரில் சந்திப்பதற்கே நாள் எடுத்துத் தந்தது மட்டுமில்லாமல், "கலியாணச் சான்றிதழையும் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னது. அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது.

ஜூலையில் கவுண்டரில் இருந்தவர் ஓய்வு பெறும் வயதில் உள்ள ஒரு அம்மா. மூன்று பத்திரத்தையும் மேசையில் வரிசையாக அடுக்கச் சொன்னார். 2011இல் லண்டனில் பதிந்த கலியாணச் சான்றிதழில் மணமகளின் முழுப் பெயரும் இருக்கிறது, இன்னொரு கட்டத்தில் அவளுடைய தகப்பனின் பெயரும் இருக்கிறது. அந்த அம்மா பென்சிலை எடுத்து, காகிதத்தில் படாமல் மேலே பிடித்தபடியே, யாழ்ப்பாணத்துச் சான்றிதழில் அப்பாவின் பெயரிலிருந்து கலியாணச் சான்றிதழில் அப்பாவின் பெயருக்கும், அங்கிருந்து என் பெயரின் பின்பாதிக்கும், அங்கிருந்து கணவரின் பெயருக்கும், கடைசியில் கடவுச்சீட்டுக்கும் ஒரு கோடு போல இழுத்தார். "ஆ, விளங்குகிறது" என்றார். எட்டு மாதமாக ஒருவருக்கும் விளங்காதது பத்து நிமிடத்தில் விளங்கியது. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்தார்.

மூன்று வாரத்தில் 8இல் தொடங்கிய தற்காலிக இலக்கம் போய் 2இல் தொடங்கும் நிரந்தர இலக்கம் வந்தது. 2 என்றால் பெண், பிறகு பிறந்த ஆண்டும் மாதமும், அதன் பின்னர் வரும் 99 வெளிநாட்டில் பிறந்தவர் என்பதற்கு. இந்த இலக்கம் இல்லாத காலத்தில் வைத்தியரிடம் போகும்போதெல்லாம் முழுக் காசும் கையிலிருந்து கட்டினேன், முதலில் 25 யூரோ, 2023 நவம்பரிலிருந்து 26.50. ஆனால் வைத்தியர் தருகிற மண்ணிறப் படிவத்தை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கி பிஸ்கட் பேணியில் போட்டு வைத்தேன். இரண்டு வருடம்வரை அனுப்பலாம். பதினொரு படிவத்தையும் ஒன்றாக அனுப்பினேன், காசு திரும்பி வந்தது. தயவுசெய்து அந்தப் படிவத்தை எறிந்துவிடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் பெரிய சிக்கல் இல்லை, முதலில் நகரசபையில் பதிய வேண்டும், பிறகுதான் அதிபரைப் பார்க்க வேண்டும். தடுப்பூசி மட்டும் இழுபட்டது. 2018 ஜனவரி 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அப்போது 11 தடுப்பூசிகள் கட்டாயம், சின்னவன் 2018இல் பிறந்தவன். பிள்ளையின் ஊசிகளைப் பதிந்து வைக்கும் லண்டன் சிவப்புப் புத்தகத்தில் 'ஆறு சேர்ந்த ஊசி' என்று ஒரு வரிதான் இருந்தது, ஈரலழற்சி பி எங்கே என்று கேட்டார்கள். அது அந்த ஆறுக்குள் ஒன்று. புறப்படும் முன்னர் உங்கள் வைத்தியரிடம் நோயின் பெயர்கள் தனித்தனியாக உள்ள பட்டியலை அச்செடுத்து வாருங்கள், இங்கே ஒரு வைத்தியர் அதைப் பார்த்துப் பிரெஞ்சுப் புத்தகத்தில் எழுதித் தருவார். பெரியவளுக்கு ஊசியில் பிரச்சினை இல்லை, கூட்டெழுத்துத்தான். லண்டனில் தனித்தனி எழுத்தாக எழுதிப் பழகிய ஒன்பது வயதுப் பிள்ளை, கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவதை வாசிக்கவே முடியாமல் முதல் மாதம் முழுக்க வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்தாள். லண்டனில் இருக்கும்போதே இரண்டு மாதம் கூட்டெழுத்துப் பழக்கியிருந்தால் அவளுக்கு அந்தக் கஷ்டம் வந்திருக்காது. அது இப்பவும் என் மனதை அரிக்கிறது.

வாகனம் ஓட்டுபவர்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். 2021 ஜனவரி 1க்கு முன்னர் வழங்கியது என்றால் காலாவதியாகும்வரை இங்கே ஓட்டலாம், என்னுடையது அப்படி. கணவர் 2022இல்தான் பரீட்சை சித்தியடைந்தவர், அவர் குடிவந்து ஒரு வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்க ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தபோது அத்தானின் மகன் சொல்லித் தெரிந்தது.

கார்ட் வித்தாலுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் இலக்கம் வந்த பிறகும் ஒரு இடி இருந்தது. அட்டைக்குப் புகைப்படம் கேட்டு அனுப்பிய கடிதம் வரவே இல்லை. செப்டெம்பரில் விசாரித்தால், அனுப்பினோம், விலாசத்தில் அப்படி ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது என்றார்கள். எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. பிறகு அக்காதான் வீட்டுக்கு வந்தபோது கீழே கடிதப் பெட்டியைக் காட்டிக் கேட்டார், "இதில் உன்னுடைய அப்பாவின் பெயர் எங்கே?" பெட்டியில் கணவரின் பெயர் மட்டும்தான் இருந்தது. கடிதமோ என் பிறப்புப் பெயருக்கு வந்திருக்கிறது. தபால்காரர் என்ன செய்வார்.

அன்றைக்கு இரவே கணவர் ஒரு வெள்ளைத்தாள் துண்டில் பெரிய எழுத்தில் எழுதினார், மேலே என் அப்பாவின் பெயர், கீழே தன்னுடைய பெயர். மழை பட்டாலும் அழியாமல் இருக்க மேலே செலோடேப் ஒட்டினோம். இரண்டாவது கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது.