தோட்ட விலாசமும் ஒரு 'மை'யும்

நேர்முகப் பரீட்சை 2025 மார்ச் 25ஆம் திகதி. அதற்கு வரச் சொல்லும் கடிதம் என் கைக்கு வந்தது 29ஆம் திகதி.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் உப தபாலகத்து முத்திரையில் 18 என்று தெளிவாக விழுந்திருந்தது. அப்படியானால் பதினொரு நாள் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிடந்திருக்கிறது. வேறு ஏதோ கடதாசியோடு சேர்த்துக் குத்திய குண்டூசி துருப்பிடித்து, என் பெயருக்கு மேலேயே பழுப்பாக ஒரு கறை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, ஏழு மாதம் விண்ணப்பம் போட்டு, முதன்முதலாக வந்த அழைப்பு அது. அன்று இரவு சாப்பிட முடியவில்லை.

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் இல்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவே. கடிதம் ஆபீசுக்குப் போகும், யாராவது மனம் வைத்தால் வீட்டுக்கு வரும். அதனால் அடுத்த விண்ணப்பங்களில் ஹட்டனில் மாமா வைத்திருக்கும் கடையின் விலாசத்தைக் கொடுத்தேன். கடிதங்கள் ஒழுங்காக வந்தன. ஒரு நிதி நிறுவனத்தின் பரீட்சை, நேர்முகம் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்து, தெரிவாகிவிட்டேன். இரண்டு வாரத்துக்குள் மூலப் பிரதிகளோடு வரச் சொன்னார்கள்.

அங்கேதான் அடுத்த இடி. "விண்ணப்பத்தில் ஹட்டன் விலாசம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழில் தோட்ட விலாசம். எது சரி தங்கச்சி?" என்று கோப்பை மூடிவிட்டார் அங்கிருந்த உத்தியோகத்தர். விளக்கிச் சொல்லி, கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் அது தீர்ந்தது. ஆகவே தம்பி தங்கைகளே, விண்ணப்பத்தில் நிரந்தர விலாசம் என்ற இடத்தில் தோட்டத்தையே எழுதுங்கள். கடிதத் தொடர்புக்கு மட்டும் டவுன் விலாசம் கொடுங்கள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தால், இரண்டையும் அதிலேயே பிரித்து எழுதுங்கள். தொலைபேசி இலக்கத்தையும் மறக்க வேண்டாம். தாமதமாக வந்த கடிதத்தின் உறையை எறிந்துவிடாதீர்கள், அந்த முத்திரைதான் உங்களுக்குச் சாட்சி.

விலாசம் தீர்ந்தது, பெயர் வந்தது. என் அடையாள அட்டையிலும் பட்டச் சான்றிதழிலும் அப்பாவின் பெயரில் 'மை' இருக்கிறது. சிங்களத்தில் எழுதிய பிறப்புச் சான்றிதழில் அதே இடத்தில் வெறும் 'ம'. மொழிபெயர்ப்பாளரும் உள்ளதை உள்ளபடியே பெயர்த்துக் கொடுத்திருந்தார். இருபத்தைந்து வருடமாக யார் கண்ணிலும் படாத எழுத்து, வேலை கைக்கு வரும் நேரத்தில் பட்டது.

பிறப்புச் சான்றிதழைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். பெற்றோரில் ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். மறுநாள் அம்மா தோட்டத்து வேலைக்குப் பேர் போடாமல் என்னோடு வந்தார். அப்போது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதை இழந்து, கொழுந்துக் கறை போகாத விரல்களால் பழைய சான்றிதழ்களைப் பொலித்தீன் பையோடு மடியில் பிடித்தபடி பதினொரு மணிவரை வாங்கில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வேறொருவர் வந்து, "அம்மா தேவையில்லையே, விண்ணப்பம் கொடுத்தால் போதும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம்.

கொடுத்த படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் கேட்டேன், முடிந்துவிட்டது என்றார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இலங்கையின் அரச கரும மொழி, தமிழில் தரும்வரை இருக்கிறேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு கட்டே வெளியே வந்தது. எனக்குப் பின்னால் நின்ற இன்னும் இரண்டு பேரும் தமிழ்ப் படிவம் வாங்கினார்கள்.

ஆனால் திருத்தம் வர நாளாகும், எனக்கோ நான்கு நாள்தான் மிச்சம். என்ன செய்வது என்று சொன்னவர் எங்கள் பழைய பாடசாலை ஆசிரியர், இப்போது சமாதான நீதவான். "பிள்ளை, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடு" என்றார். அவரே முடித்தும் தந்தார், ஒரு சதம் வாங்கவில்லை. நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. எல்லா இடத்திலும் ஏற்பார்களா என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள். உயர்தரம் படிக்கும்போதே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டால் இந்த ஓட்டமே வேண்டாம்.

நியமனக் கடிதத்தைத் தபாலில் அனுப்புவதாக ஆளணிப் பிரிவில் சொன்னார்கள். வேண்டாம் சேர், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். காலை முதல் பஸ்ஸில் போய், கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.