யூரியா தின்ற சவுக்குக் கன்றுகள்

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில், எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், கன்று வளர்க்க ஒரு குட்டித் தவறணை வைத்திருக்கிறேன். சவுக்கும் முள்முருங்கையும்தான் அதிகம். சவுக்கு என்று நாங்கள் சொல்வது ஊசி இலைச் சவுக்கையல்ல, சில்வர் ஓக்கை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, அந்த வருடம் சவுக்குக் கன்றுகள் வெளுத்துப்போய் நின்றன. முதலில் மஞ்சளானவை அடி இலைகள். நைதரசன் போதாவிட்டால் மரம் கிழட்டு இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். இலையிலுள்ள நைதரசனில் பெரும்பங்கு பச்சையத்திலும் ஒளித்தொகுப்பு நடத்தும் புரதங்களிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் இலை சமைக்கிற சாப்பாடும் குறையும்.

அடுத்த வருடம் கொஞ்சம் யூரியா கைக்கு வந்தது. பட்ட ஏக்கத்தில் நாற்பது கன்றுப் பைக்கும் வாராவாரம் ஒரு சிட்டிகை. "கரைச்சு ஊத்துடா, அள்ளிப் போடாத" என்றார் அப்பா. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், சிட்டிகையே கனம். நாலைந்து கன்றுகளுக்கு இலை நுனி கருகியது. மற்றவை? கரும்பச்சையில் தளதளவென்று ஏறின. லயத்தில் எல்லோருக்கும் கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஐப்பசி மழையில் மேட்டில் நட்டேன். தை மாத வறட்சியும் காற்றும் வந்ததும் ஒவ்வொன்றாகத் துவண்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே முழங்கை நீளத் தண்டு, கீழே விரல் நீளத்துக்கு வேர். பக்க வேரென்று சொல்ல நாலு நூல். பைக்குள்ளேயே தீனி வந்துகொண்டிருந்தால் வேர் எதற்கு அலைய வேண்டும்? வளர்ச்சியெல்லாம் மேலே போய்விட்டது. அகலமான இலைகள் தண்ணீரை வெளியே விட, இழுத்துக் கொடுக்க ஆளில்லை.

அப்பா தன் பங்குக்குச் சாணி எரு மட்டும் போட்டு வைத்திருந்த பன்னிரண்டு கன்றுகள், பார்க்க நோஞ்சான்கள். ஒன்பது நிற்கின்றன.

முள்முருங்கைதான் இன்னும் வேடிக்கை. அதன் வேரில் மிளகு மாதிரி முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் உள்ளேயிருக்கும் பக்டீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறதென்று அர்த்தம். தேயிலைக்கு நடுவே அந்த மரத்தை வைத்து வெட்டிப் போடுவதும் அதனால்தான். நான் யூரியா வைத்த பைகளில் முடிச்சே காணோம். சும்மா கிடைக்கிறபோது பக்டீரியாவுக்குச் சோறு போட்டு வளர்க்க மரத்துக்கென்ன பைத்தியமா?

மிச்ச யூரியாவை அம்மா கீரைப் பாத்திக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். கீரைக்கு இலை போதும், தையைத் தாண்ட வேண்டியதில்லை.