முப்பதாம் நாளுக்குள் எழுதிவிடுங்கள்: அம்மாச்சியின் நெடுவாழ்வைப் பதிவு செய்வது பற்றி

தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, ஒரு நாளும் செபமாலை தவறாமல், பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆளாக்கிவிட்டுப் போன ஒரு கத்தோலிக்க அம்மாவின் வாழ்க்கை, நினைவு அட்டையில் ‘பக்தியும் பாசமும் நிறைந்தவர்’ என்ற ஒரே வரியில் முடிந்துபோகிறது. அந்த வரியை எந்த வீட்டு அம்மாச்சிக்கும் போடலாம். அவருக்கு மட்டுமே உரியது எது என்பதைத் தேடி எடுக்க வேண்டும். அதற்கு நல்ல காலம் அடக்கத்திலிருந்து முப்பதாம் நாள் திருப்பலி (பூசை) வரைக்குமான இடைவெளிதான். உறவுகள் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள், அவருடைய பெட்டி இன்னும் பிரிபடாமல் இருக்கும். முப்பது முடிந்ததும் வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று முதலில் வெளியே போவது பழைய தாள்கள்தான்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது அவருடைய செபப்புத்தகம். எந்த வீட்டிலும் அது தடித்துப் போயிருக்கும். காரணம், உள்ளே செருகியிருக்கும் அட்டைகள். அவருக்கு முன்னால் இறந்த அண்ணன், கொழுந்தன், சிநேகிதி, பழைய பங்குத்தந்தை என்று ஒவ்வொருவருடைய நினைவு அட்டையையும் அவர் சேர்த்து வைத்திருப்பார். இறந்த தேதிகள் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். அட்டைகளை உருவி எடுத்து அடுக்கிவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் எந்த அட்டை இருந்தது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மரித்தோருக்கான செபப் பக்கத்தில் இருப்பது ஒருவருக்காக அவர் தினமும் வேண்டியதைக் காட்டும். நவநாள் (ஒரு கருத்துக்காகத் தொடர்ந்து சொல்லும் வேண்டுதல்) பக்கத்தில் இருக்கும் பேரனின் பாஸ்போர்ட் படம் வேறொரு கதையைச் சொல்லும். பின் அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலில் எழுதிய தேதிகள் இருக்கலாம்: பிள்ளைகள் பிறந்தது, யாருக்கோ ஆபரேஷன், ஒரு நேர்ச்சை. பென்சில் எழுத்தைத் தேய்க்காமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படமெடுத்தால் தெளிவாக விழும். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பு எழுத்தை மறைத்துவிடும். அட்டையும் போட்டோவும் ஸ்கேன் செய்வதாக இருந்தால் 600 டிபிஐ, இரண்டு பக்கமும். லேமினேட் மட்டும் செய்யவே கூடாது. சூட்டில் பழைய போட்டோவின் மேற்பரப்பு கெட்டுப்போகும், பிறகு பிரிக்கவும் முடியாது. பக்கங்களுக்கு நடுவே குருத்தோலைத் துண்டு இருந்தால் அதைத் தனிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள், அது தாளைக் கறையாக்கும்.

அடுத்தது பங்குக் கோயிலின் பதிவேடு. ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதியை நம்பி நினைவு அட்டை அடிக்காதீர்கள். அந்தத் தலைமுறைக்குப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி, அல்லது ஜனவரி 1. குழந்தை பிறந்த சில நாட்களிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடும் வழக்கம் இருந்ததால், ஞானஸ்நானப் பதிவில் உள்ள பிறந்த தேதிதான் நம்பத்தக்கது. அதுமட்டுமில்லை. ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர் அதில் இருக்கும். ஓரத்தில் திருமணக் குறிப்பும் இருக்க வேண்டும்: 1908 முதல், ஒருவருக்கு எங்கே திருமணம் நடந்தாலும் அந்தத் தகவலை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபை விதி. ஓரம் வெறுமையாக இருந்தால் பதறாதீர்கள். கல்யாணம் நடந்த பங்கிலிருந்து தகவல் வராமல் போயிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பங்கின் திருமணப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள்.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று, எந்தக் கோயிலுக்குப் போவது என்பதே. இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் அன்று வேறொரு தாய்ப்பங்கின் கிளையாக இருந்திருக்கும், பழைய ஏடு தாய்ப்பங்கிலேயே தங்கிவிடும். பங்குகளை ஆளும் ஆயரின் எல்லையான மறைமாவட்டமும் மாறியிருக்கும். அவை உருவான ஆண்டுகள்: தூத்துக்குடி 1923, கோட்டாறு 1930, மதுரை 1938, தஞ்சாவூர் 1952, பாளையங்கோட்டை 1973, சிவகங்கை 1987, திண்டுக்கல் 2003. 1935-இல் சிவகங்கைப் பக்கம் பிறந்தவருக்கு அந்த மறைமாவட்டமே அப்போது கிடையாது.

இரண்டு, லத்தீன். பழைய ஏடுகள் பலவும் லத்தீனில் இருக்கும். வீட்டில் ராயப்பன் என்றழைத்த அப்பா அங்கே பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சந்தியாகு யாக்கோபுஸ், சூசை யோசேபுஸ். இது தெரியாமல் ‘எங்க தாத்தா பேரே இல்லை’ என்று திரும்பி வருபவர்கள் உண்டு. மாதத்திலும் கவனம் தேவை. 7 என்ற எண்ணுக்குப் பின்னால் ‘பிரிஸ்’ என்ற வால் ஒட்டியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை இல்லை. அதேபோல 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். பழைய ரோமானியக் கணக்கில் மார்ச்தான் முதல் மாதம் என்பதால் வந்தது இது.

மூன்று, உறவுமுறை. மாமன் மகனையோ அத்தை மகனையோ கட்டியவர் என்றால் திருமணப் பதிவில் உறவுத்தடைக்கு (நெருங்கிய உறவில் மணம் கூடாது என்ற திருச்சபைத் தடை) விலக்குப் பெற்ற குறிப்பு இருக்கும், உறவின் நெருக்கம் ‘படி’ என்ற கணக்கில் எழுதியிருக்கும். 1983-க்கு முந்தைய பதிவில் ‘இரண்டாம் படி’ என்று இருந்தால் அவர்கள் நேர் அத்தை-மாமன் பிள்ளைகள். 1983-இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தொகுப்பு அதே உறவை ‘நான்காம் படி’ என்று எண்ணுகிறது. புதுக் கணக்கை வைத்துப் பழைய பதிவைப் படித்தால் இரண்டாம் படி என்பது உடன்பிறப்பாகிவிடும்! குடும்ப மரம் வரைபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

பதிவேடு பொதுமக்கள் புரட்டிப் பார்ப்பதற்கில்லை. பங்குத்தந்தைக்கு உங்கள் உறவுமுறை, அவருடைய பெயர், பெற்றோர் பெயர், உத்தேச ஆண்டு இவற்றை எழுதிக் கொடுங்கள். உத்தேசத்துக்கு முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகள் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கேட்காதீர்கள், வார நாளில் போங்கள்.

பதிவேட்டில் இல்லாததெல்லாம் அவரோடு வாழ்ந்தவர்களிடம் இருக்கிறது. ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு பெரிய நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள். அருளானந்தர் புனிதர் பட்டம் பெற்ற 1947-க்கு முன்னாலா, பின்னாலா? வேளாங்கண்ணி பசிலிக்கா ஆன 1962-இல் எந்த வீட்டில் இருந்தார்கள்? தனுஷ்கோடிப் புயலடித்த 1964 டிசம்பரில் எந்தப் பிள்ளை கைக்குழந்தை? போப்பாண்டவர் சென்னைக்கு வந்த 1986-இல் யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது? இப்படிக் கேட்டால் ஆண்டு தானாக வந்து விழும்.

அவருடைய வாரத்தையும் எழுதுங்கள். செவ்வாய் அந்தோணியார், புதன் சகாய மாதா நவநாள், முதல் வெள்ளி பாவசங்கீர்த்தனம், சனி மாதாவுக்கு. தவக்கால வெள்ளியில் சிலுவைப்பாதை, மே மாதம் முழுக்க வணக்கமாதம். எந்த நாளுக்கு எந்தக் கருத்து, யாருக்காக என்பதை வீட்டிலுள்ள பெண்களிடம் கேட்டால் கிடைக்கும், ஆண்களுக்கு அநேகமாகத் தெரியாது. பழக்கங்களுக்குப் பின்னால் இருந்த சட்டத்தையும் சேர்த்து எழுதினால்தான் பேரப்பிள்ளைக்கு விளங்கும். காலைப் பூசை முடிந்து வரும்வரை பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படாமல் இருந்தாரே, அது அவர் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய காலத்து விதி. பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்குபவர் நள்ளிரவிலிருந்து எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. 1953-இல்தான் தண்ணீருக்கு அனுமதி வந்தது. 1957-இல் மூன்று மணி நேரம், 1964-இல் ஒரு மணி நேரம் என்று குறைந்தது. விதி தளர்ந்த பிறகும் சாகும்வரை பழைய ஒழுங்கை விடாதவர் என்றால், அந்த ஒரு விவரம் பத்துப் பாராட்டு வரிகளைவிட அவரை நன்றாகக் காட்டும்.

அவர் சொன்ன செபங்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள், முடிந்தால் அவர் காலத்துச் சகோதரி யாரையாவது சொல்லச்சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவருக்கு, பேரன் டைப் அடிக்கும்போது ‘அருள் நிறைந்த மரியே’ என்று மாற்றிவிடுகிறான். அது தப்பைத் திருத்துவது ஆகாது, அவருடைய குரலை அழிப்பதாகும். செபமாலையில் தியானிக்கும் நிகழ்ச்சிகளான மறையுண்மைகள் முன்பு பதினைந்து, ஒளியின் மறையுண்மைகள் 2002-இல்தான் சேர்ந்தன. அவர் வியாழக்கிழமை அதைச் சொன்னாரா, பழைய பதினைந்தோடேயே நின்றுவிட்டாரா என்பதும் குறிக்க வேண்டியது.

நினைவு அட்டைக்கு வசனம் எடுக்கும்போது எண்ணைச் சரிபாருங்கள். அவருடைய பழைய புத்தகத்தில் ‘சங்கீதம் 22’ என்றிருக்கும் நல்லாயன் சங்கீதம் இன்றைய திருவிவிலியத்தில் திருப்பாடல் 23. மரித்தோருக்காகச் சொல்லும் 129 இப்போது 130. பழைய எண்ணோடு அட்டை அச்சாகிவிட்டால் தேடிப் படிப்பவருக்கு வேறு பாடல்தான் கிடைக்கும். பாட்டிக்கென்றே ஒரு வசனம் வேண்டுமானால் 2 திமொத்தேயு 1:5 பாருங்கள். பாட்டி லோயியிடமிருந்து தாய் வழியாகப் பேரனுக்கு வந்த விசுவாசத்தைச் சொல்லும் இடம் அது. நல்ல மனைவியைப் புகழும், எல்லோரும் போடும் நீதிமொழிகள் 31-ஐவிட இது பொருத்தம் என்பது எங்கள் எண்ணம்.

எழுதியதைக் கோயிலில் வாசிக்க விரும்பினால், மறையுரை (குருவின் பிரசங்கம்) நேரத்தில் கேட்காதீர்கள். அடக்கத் திருப்பலி மறையுரை இறந்தவரைப் புகழும் உரையாக இருக்கக் கூடாது என்பது வழிபாட்டு விதி. நற்கருணைக்குப் பிந்தைய மன்றாட்டு முடிந்ததும் குடும்பத்தில் ஒருவர் பேச இடமுண்டு. முன்கூட்டியே அனுமதி வாங்கி, நான்கு நிமிடத்துக்குள் முடியுங்கள். அதற்கு முந்நூற்றைம்பது சொற்கள் போதும். ஒருவர் மட்டும் பேசட்டும்.

முப்பதாம் நாளை அடக்கம் முடிந்த வாரத்திலேயே எண்ணிப் பாருங்கள். பெரிய வெள்ளியிலோ புனித சனி பகலிலோ விழுந்தால் திருப்பலியே கிடையாது, நாளைத் தள்ளிக் குறிக்க வேண்டும். தொடர்ந்து முப்பது நாள் ஒப்புக்கொடுக்கும் கிரகோரியன் பூசைக்கு விரும்பினால் துறவற இல்லத்தில் கேட்பது நல்லது. ஞாயிறுகளில் பங்குத்தந்தை தன் மக்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர், அதனால் ஒரே குரு இருக்கும் பங்கில் முப்பது நாள் இடைவிடாமல் கிடைப்பது கடினம். நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்வது தனி வேலை. கோயிலின் மரணப் பதிவேட்டில் எழுதியாயிற்று என்று அதை விட்டுவிடாதீர்கள்.

வருடாந்திர நினைவுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் எப்படியும் இருக்கிறது. 2021-இலிருந்து ஜூலை நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டிகளுக்கான உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது, ஜூலை 26-இல் வரும் மாதாவின் பெற்றோர் சுவக்கீன், அன்னாள் திருநாளை ஒட்டி. பேரப்பிள்ளைகள் ஒன்றுகூட அதுவும் நல்ல நாள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், அவர் தலைமுறையில் உயிரோடிருக்கும் ஒருவருக்கு முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். ‘அது நான் இல்லடா, பெரியக்கா’ என்று பெயர்க் குழப்பத்தை அவர்களால்தான் பிடிக்க முடியும். அவர்களுக்குக் கொடுக்கும் பிரதியை மட்டும் 16 புள்ளி எழுத்தில் தனியாக எடுங்கள்.