வேனில் யார் பக்கத்தில் யார்

போன வருடம் ஆடி மாதம் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு சிக்கல். தையல் லைனில் எழுதும் செக்கிங் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எல்லாம் சுத்தம். பேக்கிங்குக்கு முன்னால் எடுத்துப் பார்த்தால் கழுத்து ரிப்பில் தையல் விட்ட பனியன் மறுபடி மறுபடி கிடைக்கிறது. "செக்கிங்ல கவனம் இல்லை, ட்ரெயினிங் குடுங்க" என்றார் முதலாளி. எச்.ஆர். வேலை என்னுடையது, கொடுத்தேன். படம் போட்டுக் காட்டி ஒரு தடவை, கெட்டுப்போன பீஸையே கையில் கொடுத்து இன்னொரு தடவை. எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரமும் அதே ரிப், அதே விட்ட தையல்.

மூன்றாவது ட்ரெயினிங் போடுவதற்குப் பதிலாக, பத்து நாள் செக்கிங் மேசைப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கல்லூரியில் மானுடவியல் படித்தபோது மனதில் தங்கிய விஷயம் அது. மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் 1915க்கும் 1918க்கும் இடையில் இரண்டு தடவை, நியூகினி பக்கத்து ட்ரோபிரியாண்ட் தீவுகளில் ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கி, அவர்கள் பேச்சைக் கற்று, அவர்கள் எழும்போது எழுந்து, என்ன செய்கிறார்கள் என்று தினமும் எழுதினார். கேள்வித்தாள் கொடுத்து வாங்கும் பதிலும், கூடவே இருந்து கண்ணால் பார்ப்பதும் ஒன்றில்லை. எங்கள் கம்பெனியிலும் வருடா வருடம் கருத்துக்கணிப்புத் தாள் கொடுக்கிறோம், எல்லாரும் 'திருப்தி' என்ற கட்டத்தில் டிக் போட்டுத் திருப்பித் தருகிறார்கள்.

முதல் மூன்று நாள் நோட்டோடு போனேன். யாரும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் நோட்டை ரூமிலேயே வைத்துவிட்டு, நூல் பிசிறு வெட்டும் கத்தரியை வாங்கி நானும் வெட்ட ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். செக்கிங் அக்கா ஒரு பீஸை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரலால் ரிப்பை இழுத்தார். தையல் விட்ட இடம் வாய் பிளந்தது. சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விரல் நுனியில் தயாராக இருந்தது. ஒட்டவில்லை. ஸ்டிக்கரை மேசை விளிம்பில் ஒட்டிவிட்டு, பீஸை நாலாக மடித்துக் காலடியில் சோறு கொண்டுவரும் தூக்குப்போசிக்குப் பின்னால் வைத்தார். டீ பெல் அடித்ததும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓவர்லாக் மிஷின் பக்கம் போனார். "அம்மிணி, இதை ஒரு ஓட்டு ஓட்டிக் குடு." அவ்வளவுதான். நோட்டில் ஏறவில்லை, தையல் சரியாகிவிட்டது. ஷிப்மென்ட் அவசரத்தில் டீ டைம் போதாத நாட்களில், தூக்குப்போசிக்குப் பின்னால் இருந்த பீஸ்கள் அப்படியே நல்ல பீஸோடு கலந்து போயிருக்கின்றன.

ஏன் அக்கா என்று கேட்டேன். "ஸ்டிக்கர் ஒட்டுனா நோட்டுல ஏறும் தம்பி, ஏறுனா அவ கூலியில கை வெப்பாங்க. பொழுதோட அவ பக்கத்துலதான் நானு வேன்ல உக்காரோணும். எம் பேத்திக்குக் காய்ச்சல்னா அவதான் வந்து பாக்கறா."

எங்கள் ஆபீஸ் சுவரில் யாருக்குக் கீழே யார் என்று ஒரு பெரிய சார்ட் மாட்டியிருக்கிறோம். அதில் வேன் இல்லை. குன்னத்தூர் வேன், ஊத்துக்குளி வேன், காங்கயம் வேன் என்று காலையிலும் ராத்திரியிலும் ஒன்றாக உட்கார்ந்து வருகிறவர்கள், ஒன்றரை ஷிப்ட் முடித்துக் களைத்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிறவர்கள், சீட்டுப் போடுவதும் சீருக்குப் போவதும் கூட அவர்களுக்குள்தான். மூன்று மாத அட்டெண்டன்ஸை லைன் வாரியாகப் பார்க்காமல் வேன் வாரியாக அடுக்கிப் பார்த்தேன். யார் வீட்டிலோ சீர் என்றால், எங்கோ கோயில் பொங்கல் என்றால், அந்த வேனில் வரும் நாலைந்து பேர் நாலைந்து லைனில் சேர்ந்தாற்போல் இல்லை. ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் ஆள் மட்டும் பொறுப்பில்லாதவர் என்று திட்டிக்கொண்டிருந்தார்.

இது திருப்பூருக்கு மட்டும் உரியது இல்லை. சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, டெலிபோன் சுவிட்சுக்கு வயர் இணைப்பவர்கள், பற்றவைப்பவர்கள், தரம் பார்ப்பவர்கள் என்று 14 ஆண்களை ஒரு தனி அறையில் வைத்து ஒருவர் கவனித்தார். அதற்கு ஆலோசனை சொன்ன லாய்டு வார்னர், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் ஆய்வு செய்துவிட்டு வந்த மானுடவியலாளர். அதிகம் செய்தால் அதிகக் கூலி என்று கம்பெனி சொல்லியும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அந்த ஆண்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். மீறினவருக்குப் புஜத்தில் ஒரு குத்து விழும். தரம் பார்க்க வந்தவர்களில் குழுவோடு ஒட்டாத ஒருவர் கடைசியில் அந்த அறையை விட்டே மாற்றப்பட்டார். எங்கள் அக்காவுக்கு அந்தக் கதை தெரியாது, ஆனால் வேனில் அந்த நிலைமை தனக்கு வரக்கூடாது என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்திலேயே பவானி, குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் கீர்ட் டி நீவ் என்ற மானுடவியலாளர் தொண்ணூறுகளில் தங்கி ஆய்வு செய்திருக்கிறார். முன்பணமாகக் கொடுக்கும் 'பாக்கி'யைப் பற்றி அவர் எழுதியதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் படிக்க வேண்டும். பாக்கி வாங்கினவர் ஓடிவிடுகிறார் என்பது முதலாளிகள் புலம்பல். அந்தப் பாக்கிதான் தொழிலாளியைக் கட்டியும் வைக்கிறது, அதை வேறொரு முதலாளி அடைக்க, அவர் வேறு பட்டறைக்கு மாறவும் வழி செய்கிறது. இரண்டு பக்கமும் நின்று பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

சரி, முதலாளியிடம் போய்ச் சொன்னேன். முதல் கேள்வியே "யாரு அது?" என்றுதான். பேர் சொல்ல மாட்டேன் என்றேன். நம்பி வாய் திறந்தவரைக் காட்டிக் கொடுத்தால் நான் பார்த்தது ஆய்வு இல்லை, வேவு. அரை மணி நேரம் கோபப்பட்டார், அப்புறம் "சரி, என்னதான் பண்ணலாங்கறீங்க?" என்றார்.

குறையை ஆள் பேரில் எழுதாமல் மிஷின் பேரில் எழுதுவது, அதற்காகக் கூலி பிடிக்காமல் இருப்பது, திருப்பித் தைக்கும் நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் சம்பளம், ஊர்க் கோயில் பொங்கல் தேதிகளை வேன் வாரியாக முன்கூட்டியே கேட்டு ஆள் ஏற்பாடு செய்வது. ஷிப்ட் சம்பள லைன்களுக்கு இதெல்லாம் ஒத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் ரிப்போர்ட்டில் குறைகளின் எண்ணிக்கை ஏறியது, சூப்பர்வைசர்கள் பயந்துபோனார்கள், எனக்கு அது நல்ல சேதி, ஏனென்றால் முதல் தடவையாக ரிப்போர்ட்டும் பீஸும் ஒன்றையே சொல்லின. தூக்குப்போசிக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை. பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி தரும் காண்ட்ராக்ட் லைனில் இன்னும் பழைய கதைதான். திருப்பித் தைக்கும் நேரத்துக்கு யார் பணம் தருவது என்று காண்ட்ராக்டரும் கம்பெனியும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஹாஸ்டல். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேன் கிடையாது, கேட்டிலிருந்து லைனுக்கு நடந்தே வருகிறார்கள். அவர்களுக்குள் யார் பக்கத்தில் யார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது, பேச மொழியும் இல்லை. வார்டன் மொழிபெயர்த்துச் சொல்வதை மட்டும் கேட்டு முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்லாக் ஓட்டும் ஒரு பெண்ணிடம் ஒடியா படிக்கிறேன், பதிலுக்கு அவள் என்னிடம் தமிழ் படிக்கிறாள். போன வாரம் அவள் முதலில் கேட்ட தமிழ் வார்த்தை 'லீவு' இல்லை, 'சம்பளம்' இல்லை. "தலைவலிக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.