வைல்ட் கார்டை ரம்மி ஜோக்கர் என்று நம்பியிருந்தேன்

பலாட்ரோவைப் போனில் இறக்கி மூன்று மாதம் ஆகிறது. காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்குவதற்குள் ஒரு பிளைண்ட், அதாவது ஒரு சுற்று, முடியும், ரயில் பிந்தினால் இரண்டு. போகும் வழியில் பெரும்பாலும் இடப்பக்கம் கடல். அதை நிமிர்ந்து பார்த்து எத்தனை நாளாகிறது என்று கேட்காதீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2024 பெப்ரவரியில் வந்த விளையாட்டு இது. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒரே ஆள் உருவாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் போனுக்கும் வந்தது. 52 கடதாசி, போக்கர் கைகள். கைக்கு ஏற்றபடி சிப்ஸ் ஒரு பக்கமும் மல்ட் (பெருக்கும் எண்) ஒரு பக்கமும் ஏறும், இரண்டையும் பெருக்கினால் வருவது புள்ளி. குறித்த புள்ளியைத் தாண்டினால் கடைக்குப் போகலாம், கடதாசிக் கூட்டத்தையே நமக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ளலாம். காசு கட்டும் சூது ஒன்றும் இல்லை. அம்மா திரையைப் பார்த்துவிட்டு "என்னடா, காசு வைச்சு ஆடுறியோ?" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். நம்பவில்லை. அம்மாவைக் குறை சொல்ல முடியாது, ஐரோப்பிய வயதுத் தரப்படுத்தலிலேயே ஒரு கட்டத்தில் இதற்கு 18 போட்டு, 2025இல்தான் 12க்கு இறக்கினார்கள்.

என் குழப்பம் எங்கே தொடங்கியது என்றால், கொட்டாஞ்சேனை மாமா வீட்டில். அங்கே பெரியவர்கள் 304 ஆடுவார்கள், சின்னவர்களுக்கு ரம்மி. ரம்மியில் ஜோக்கர் என்றால் ஓட்டை அடைக்கும் கடதாசி. ஐந்தும் ஏழும் கையில் இருக்கிறது, ஆறு இல்லையா, ஜோக்கரை நடுவில் சொருகு, வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தோடு பலாட்ரோவுக்குள் வந்தால் முதல் அடியே விழுகிறது. இங்கே ஜோக்கர் என்பது கூட்டத்தில் கலந்து வரும் கடதாசியே இல்லை. மேலே ஐந்து இடங்களில் தனியாகக் குந்தியிருந்து, நாம் போடும் கையைப் பெருப்பித்துத் தரும் ஆள். சரி, அப்படியானால் ரம்மி ஜோக்கர் செய்யும் வேலையை யார் செய்வது? பெயரைப் பார்த்து வைல்ட் கார்ட்தான் என்று முடிவு கட்டினேன்.

கடையில் கிடைக்கும் த லவர்ஸ் என்ற டாரட் சீட்டைப் பயன்படுத்தினால் நம் கடதாசி ஒன்று வைல்ட் ஆகும். இலக்கம் மாறாது. எட்டு எட்டாகவே இருக்கும், வகை (ஹார்ட், ஸ்பேட் என்பது) மட்டும்தான் எதுவும் ஆகலாம். ஆக, இலக்கங்கள் வரிசையாக வரவேண்டிய ஸ்ட்ரெயிட்டில் விழுந்த ஓட்டையை இது அடைக்காது. ஐந்தும் ஒரே வகையாக இருக்கவேண்டிய ஃப்ளஷுக்கு மட்டும்தான் உதவும். சரி, ஃப்ளஷ் ஆடுவோம் என்று கிடைத்த லவர்ஸ் எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தேன்.

அது வீண் செலவு என்று புரிய இரண்டு வாரம் போனது. லவர்ஸ் ஒரு கடதாசியைத்தான் மாற்றும். த சன் என்ற சீட்டோ மூன்று கடதாசி வரை ஒரேயடியாக ஹார்ட் ஆக்கிவிடும். மற்ற மூன்று வகைக்கும் அதே மாதிரி ஒவ்வொரு சீட்டு உண்டு. வெறும் ஃப்ளஷ் மட்டும் வேண்டுமென்றால் மூன்றை மாற்றுவதை விட்டுவிட்டு யார் ஒன்றை மாற்றுவார்கள்? போதாததற்கு, ஒரு கடதாசிக்கு ஒரு மேம்பாடுதான். வைல்ட் ஆக்கிய ராணியைப் பிறகு ஸ்டீல் என்ற இன்னொரு மேம்பாட்டுக்கு மாற்றினால் வைல்ட் போய்விடும். ஓட்டை அடைக்கும் வேலைக்கு வைல்ட் கார்ட் மிகவும் சுமாரான ஆள். இதை எழுதும்போதுகூடக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் ஏன்ஷன்ட் ஜோக்கர் கிடைத்தது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வகையைச் சொல்லும். புள்ளி எடுக்கும் அந்த வகைக் கடதாசி ஒவ்வொன்றுக்கும் மல்ட்டை 1.5ஆல் பெருக்கும். சுற்று முடிந்தால் வகை மாறும், அதனால் ஒரே வகையாகக் கூட்டம் சேர்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிதாக உதவாது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அது கேட்டது ஸ்பேட். என்னிடம் இருந்ததோ ஹார்ட் கூட்டம். கூடவே ஹார்ட் ஒவ்வொன்றுக்கும் 3 மல்ட் கூட்டும் லஸ்டி ஜோக்கர். நாலாவது ஆன்டியின், அதாவது நாலாவது கட்டத்தின், முதல் பிளைண்ட், எட்ட வேண்டியது 5,000.

பம்பலப்பிட்டி தாண்டியாயிற்று, நிற்கத்தான் இடம், ஒரு கை கம்பியில். ஹார்ட்டில் K, 9, 5. வைல்டில் Q, 8. வகை வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். வைல்ட் இரண்டும் முன்பு ஸ்பேட்டாக இருந்தவை என்பதால் இடப்பக்க முனையில் போய் நின்றன. அப்படியே போட்டேன். முதலில் Q. லஸ்டி 3 கூட்டியது, சரி, ஹார்ட் என்று எடுத்துக்கொண்டது. உடனே ஏன்ஷன்ட்டும் துள்ளி 1.5ஆல் பெருக்கியது. அதே Q, அதே நொடியில் ஸ்பேட்டும் கூட! எட்டுக்கும் அதே கதை.

அப்போதுதான் உறைத்தது. ரம்மி ஜோக்கர் ஒரு நேரத்தில் ஒரு வேடம்தான் போடும். இது நான்கு வேடத்தையும் ஒரேயடியாகப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

புள்ளி 4,092. இன்னொரு கை போட்டுத்தான் தாண்டினேன். இரவு சாப்பாட்டுக் கடை பில்லின் பின்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் மட்டத்தில் இருந்த என் ஃப்ளஷுக்கு 65 சிப்ஸ், 8 மல்ட். கடதாசிகளின் 42ஐச் சேர்த்தால் 107 சிப்ஸ். வைல்ட் இரண்டையும் முதலில் போட்டதால் சின்ன மல்ட்தான் பெருகியது, முடிவில் 38.25. அதே இரண்டையும் வலப்பக்கம் இழுத்துவிட்டிருந்தால் K, 9, 5 மூன்றும் முதலில் மும்மூன்றாகக் கூட்டி 17க்குக் கொண்டுவந்திருக்கும். பிறகு Q 20ஐ 30 ஆக்கும், எட்டு 33ஐ 49.5 ஆக்கும். 107ஆல் பெருக்கினால் 5,296. ஒரே கையில் தாண்டியிருக்கலாம்! விரலால் இரண்டு கடதாசியை நகர்த்தாததற்கு 1,204 புள்ளி தண்டம். ஜோக்கர்களும் இப்படித்தான், லஸ்டி இடப்பக்கம், ஏன்ஷன்ட் வலப்பக்கம். அது மட்டும் தற்செயலாகச் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே நாலாகத் தெரியத் தொடங்கியது. ஸ்பேட்டுக்கு 50 சிப்ஸ் தரும் ஏரோஹெட், டயமண்டுக்கு ஒரு டொலர் தரும் ரஃப் ஜெம், இரண்டும் மேலே இருந்தால் ஒரு வைல்ட் இரண்டுக்குமே பதில் சொல்லும். ஆனால் ஃபிளவர் பாட்டில் மூக்குடைபட்டேன். புள்ளி எடுக்கும் கடதாசிகளில் நான்கு வகையும் இருந்தால் மூன்றால் பெருக்கும் ஜோக்கர் அது. ஹார்ட் நாலு, வைல்ட் ஒன்று போட்டேன், அசையவே இல்லை. அங்கே மட்டும் ஒரு வைல்ட் ஒரு வகையின் இடத்தைத்தான் நிரப்பும். ஹார்ட் இரண்டு, வைல்ட் மூன்று போட்டால் ஃப்ளஷும் கிடைக்கும், மூன்றால் பெருக்கமும் கிடைக்கும். அந்த ஒரு ஜோக்கருக்கு முன்னால் மட்டும் இது கொஞ்சம் ரம்மி ஜோக்கர்தான்.

அடி வாங்கியது அதே ஆட்டத்தின் ஐந்தாவது ஆன்டியில். ஆன்டியின் கடைசியில் வரும் போஸ் பிளைண்ட் த விண்டோ, டயமண்ட் கடதாசி எல்லாம் செயலிழக்கும், இலக்கு 22,000. என் கூட்டத்தில் டயமண்ட் நாலோ ஐந்தோ. சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். எட்டுக் கடதாசி விரிந்ததும் பார்த்தால் வைல்ட் அத்தனையிலும் செயலிழப்பைக் காட்டும் குறுக்குக் கோடுகள். நான்கு வகையும் என்றால் டயமண்டும்தானே! செயலிழந்த வைல்ட் பிறந்த வகைக்கே திரும்பிவிடுகிறது. என் Q மறுபடியும் ஸ்பேட், எட்டும் ஸ்பேட். மூன்று ஹார்ட்டும் இரண்டு ஸ்பேட்டும் என்ன ஃப்ளஷ்? 9,000ஐக்கூட எட்டவில்லை.

மாமாவிடம் சொன்னேன். அவருக்குப் பலாட்ரோ தெரியாது, ஆனால் கடதாசி தெரியும். "எல்லா வீட்டுக்கும் சொந்தக்காரனெண்டால் எல்லாச் செத்த வீட்டுக்கும் போகத்தானே வேணும்" என்றார்.

இப்போது லவர்ஸ் கிடைத்தால் பெரும்பாலும் ஹார்ட் மேலேயே போடுகிறேன். பார்க்க வீண் போலத்தான் இருக்கும். ஆனால் விண்டோ வந்தாலும் அது ஹார்ட்டாகத் திரும்பி, சிப்ஸ் தராவிட்டாலும் ஃப்ளஷில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏன்ஷன்ட் இல்லாத ஆட்டத்தில் லவர்ஸை வாங்குவதே இல்லை. போன கிழமை இப்படி ஆடி ஏழாவது ஆன்டி வரை போனேன். அங்கே போஸ் த ஹெட். ஹார்ட் எல்லாம் செயலிழப்பு. கொள்ளுப்பிட்டி வருவதற்குள் ஆட்டம் முடிந்தது. மிச்ச வழிக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு போனேன்.