சீட் பார்ட் பி: முதல் 8 நிமிடம் எதையும் டிசைன் செய்யாதீர்கள்

எம்.டெஸ். என்ற முதுநிலை டிசைன் படிப்பில் சேர்வதற்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது. அடுத்த ஜனவரிக்கு உட்காரப் போகிறவர்களுக்காக இது, குறிப்பாக எம்.டெஸ்.ஸில் இன்டராக்‌ஷன் டிசைன் (ஆளும் கருவியும் பழகும் விதத்தை வடிவமைப்பது) பக்கம் போக நினைப்பவர்களுக்கு.

கணினியில் புதிர் மாதிரிக் கேள்விகள் வரும் பார்ட் ஏ-வுக்குப் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பாருங்கள், போதும். அதில் தேறினால்தான் பார்ட் பி-யைத் திருத்தவே எடுப்பார்கள் என்பது உண்மை. ஆனால் இறுதி மதிப்பெண்ணில் அதன் பங்கு 25 சதவீதம்தான். மீதி 75-ம் தாளில் வரைந்தும் எழுதியும் காட்டும் பார்ட் பி. ஆறு மாதம் முழுக்கப் புதிர் போட்டுவிட்டுக் கடைசி இரண்டு வாரம் பென்சிலைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தீர்வு சொல்லச் சொல்லும் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். படித்த கையோடு ஒரு செல்போன், அதற்குள் நாலு பட்டன், மேலே ஆப்புக்கு ஒரு பெயர். அது வெறும் யுஐ, அதாவது கண்ணில் படும் திரை. யார், எங்கே, எந்த நிலையில் அதைத் தொடுகிறார் என்பது தாளில் இல்லாவிட்டால் யுஎக்ஸ், அதாவது பயன்படுத்துபவரின் அனுபவம் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை.

ஐந்து கேள்விக்கு 2 மணி நேரம். ஒன்றுக்கு 24 நிமிடம். இதில் முதல் 8 நிமிடம் தீர்வுப் பக்கமே போகாதீர்கள். எழுத வேண்டியவை:

- பயன்படுத்துபவர் யார்
- என்ன வேலையை முடிக்கப் பார்க்கிறார்
- அந்த நேரத்தில் அவர் கை, கண், காது எதில் மாட்டியிருக்கிறது
- எந்த நொடியில் காரியம் கெடுகிறது, ஏன்

மூன்றாவதுதான் உயிர். டீக்கடையையே எடுத்துக்கொள்வோம். மாஸ்டரின் ஒரு கையில் வடிகட்டி, மறு கையில் பால் குவளை, கண் டம்ளரில். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. க்யூஆர் பக்கத்தில், பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் எடுபட்டதற்குக் காரணம் இதுதான். போனை எடுத்துப் பார்க்க வேண்டாம், போலி ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது.

இனி அது எங்கே கெடுகிறது? காலைக் கூட்டத்தில் மூன்று பேர் ஆளுக்கு 15 ரூபாய் அனுப்புகிறார்கள். பெட்டி இரண்டு முறைதான் பேசுகிறது. வராதது யாருடையது? பெட்டி தொகையைச் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. வாடிக்கையாளர் போனிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போனதா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு முறை அனுப்புகிறார். யுஎக்ஸ் நிபுணர் யாகோப் நீல்சன் 1994-இல் திரை வடிவமைப்புக்காகத் தொகுத்த பத்து விதிகளில் முதலாவதே இதுதான்: என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதை சிஸ்டம் பயனருக்குத் தெரியப்படுத்த வேண்டும். விதியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள், அது மீறப்படும் நொடியை வரைந்து காட்டுங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு தப்பான தீர்வுகள் தாமாகவே கழன்றுவிடும். சத்தத்தைக் கூட்டினால் பயனில்லை, ஆள் யார் என்பதுதானே சிக்கல். பெரிய திரை வைத்தால் பார்க்கக் கண் இல்லை. பெயரைக் கடை முழுக்க ஒலிக்கவிட்டால் யாருக்கும் பிடிக்காது. "பதினைந்து ரூபாய், எண் நாற்பத்திரண்டு" என்று பெட்டி சொல்லி, அனுப்பியவர் போனிலும் 42 பெரிதாகத் தெரிந்தால் சரிவரும். பணம் கிடைக்கத் தாமதமானால் என்ன காட்டுவது என்பது இதில் இன்னும் தீரவில்லை. அந்தக் குறையையும் நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அடுத்த 12 நிமிடம் மூன்று கட்டம் போட்டுப் படம் வரையுங்கள்: பயன்படுத்துவதற்கு முன், பயன்படுத்தும்போது, பிறகு. பொருளைத் தனியாக வரையாமல் பிடித்திருக்கும் கையோடு வரையுங்கள், அளவு புரியும். ஷேடிங் வேண்டாம். கடைசி 4 நிமிடம் அம்புக்குறிக்கும் குறிப்புக்கும். கலர் இரண்டு போதும், ஒன்று பிரச்சினைக்கு, ஒன்று தீர்வுக்கு.

பயிற்சிக்கு ரேஷன் கடை, ரத்தப் பரிசோதனை லேப், ரயில் நிலையக் கவுன்ட்டர் என எங்காவது போய் நில்லுங்கள். பக்கத்து ஆளிடம் "இங்கேதானா?" என்று யார் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஊழியர்கள் கையால் எழுதி ஒட்டிய காகிதம் இருக்கிறதா பாருங்கள். "இந்த பட்டனை அழுத்தாதீர்", "கார்டை இப்படிச் செருகவும்". அப்படி ஒரு காகிதம் ஒட்டியிருக்கும் இடத்தில் டிசைன் தோற்றிருக்கிறது என்று தைரியமாகக் குறித்துக்கொள்ளலாம். பார்ட் பி-க்கு இதைவிட நல்ல கைடு கிடையாது.

இன்டர்வியூவுக்குக் கொண்டுபோகும் உங்கள் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்குப் பளபளக்கும் பத்து திரைகளைவிட, காகித மாதிரியை ஐந்து பேரிடம் கொடுத்து அவர்கள் எங்கே தடுமாறினார்கள், அதனால் எதை மாற்றினீர்கள் என்று காட்டும் ஒரு புராஜெக்ட் மேல். இன்டர்வியூவில் "சோதித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் அந்தக் கசங்கிய காகிதத்தையே எடுத்து நீட்டுங்கள்.