செம்பூர் பார்க்கிங்ல பத்மினிக்கு பத்ரா வேலை (தகர டிங்கரிங்), இதுவரைக்கும் ஆனது

அப்பா 1989ல எடுத்த பிரீமியர் பத்மினி, எங்க பில்டிங் கீழேயே நிக்குது. இஞ்சின்ல ஒரு குறையும் இல்ல, அந்த 1089 சிசி இஞ்சின் சோக்கை இழுத்து ரெண்டு செல்ஃப் அடிச்சா பிடிச்சுக்கும். பிரச்னை எல்லாம் பாடில. பாம்பே கடல் காத்து ஒரு பக்கம், வருஷத்துல நாலு மாசம் மழை ஒரு பக்கம், முப்பத்தஞ்சு வருஷம் தாங்கினதே பெருசு.

போன நவம்பர்ல கழுவும்போதுதான் பார்த்தேன், இடது பக்கம் டோருக்கு கீழ ரன்னிங் போர்டுல பெயின்ட் பத்து ரூபா காயின் அளவுக்கு உப்பியிருந்தது. சும்மா ஸ்க்ரூடிரைவரால சுரண்டினேன், பிஸ்கெட் மாதிரி ஒரு துண்டு பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசற பசை) பெயர்ந்து வந்துச்சு, அதுக்குப் பின்னாடி தகரமே இல்ல, பேப்பர்! மராத்தி நியூஸ் பேப்பரை உருண்டையா சுருட்டி ஓட்டைக்குள்ள திணிச்சு அதுமேல பட்டி பூசி பெயின்ட் அடிச்சிருக்காங்க. ஓரத்துல 1997னு வருஷம் கூட படிக்க முடிஞ்சது. அப்பாகிட்ட காட்டினேன். "ஆமாடா, அந்த வருஷம் ஒரு தடவை டிங்கரிங் பண்ணக் குடுத்தோம், நல்லா பளபளன்னுதான் குடுத்தான்" அப்படின்னார். பளபளப்புக்கு என்ன குறைச்சல்.

பட்டியை நான் திட்ட வரல, மேடு பள்ளம் சரி பண்ண அது வேணும். ஆனா அது தண்ணிய உறிஞ்சும், ஓட்டைக்கு மூடியா வச்சா உள்பக்கம் ஈரம் காயவே காயாது. அதைவிட மோசம், ரன்னிங் போர்டு அடியில தண்ணி வடியறதுக்குன்னு கம்பெனி விட்டிருந்த சின்ன ஓட்டைங்களையும் சேர்த்து அடைச்சிட்டாங்க. மேல இருந்து இறங்கின மழைத்தண்ணி வெளிய போக வழியில்லாம உள்ளயே தேங்கி, உள்ள இருந்து வெளிய அரிச்சிருக்கு. அப்போ வெளிய தெரிஞ்ச காயின் கடைசியா வந்த அறிகுறிதான், வியாதி எப்பவோ வந்தாச்சு.

ஜனவரியில கிரைண்டர்ல ஒயர் கப் (கம்பி பிரஷ்) மாட்டி தேய்க்க ஆரம்பிச்சேன். முதல் நாளே சத்தம் தாங்காம பில்டிங் செகரட்டரி இறங்கி வந்துட்டார், கடைசியில ஞாயித்துக்கிழமை பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும்தான்னு பேசி முடிச்சோம். வாரத்துக்கு மூணு மணி நேரம்! அதனாலதான் இந்த வேலைக் குறிப்பு இவ்ளோ இழுவையா இருக்கு. தேய்க்கத் தேய்க்க காயின் சாசர் ஆச்சு, சாசர் தட்டு ஆச்சு, கடைசியில நல்ல தகரம் கிடைச்ச இடம் வரைக்கும் அளந்தா 46 சென்டிமீட்டர் நீளம். ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவை மாத்தற மருந்து) அடிச்சா போதாதான்னு எதிர் வீட்டு மாமா கேட்டார். அதுல இருக்கறது பாஸ்பாரிக் ஆசிட், மேலாக இருக்கற துருவை கறுப்பா மாத்தி நிறுத்தும், இல்லாத தகரத்தை அது எங்கேருந்து கொண்டு வரும் மாமா?

குர்லாவுல ஒரு பாய் இருக்கார், டாக்ஸி பத்மினிக்கே காலம் பூரா பத்ரா வேலை பார்த்தவர், 2023 அக்டோபர் கடைசியில காளி பீலி (கறுப்பு மஞ்சள் டாக்ஸி) பத்மினி எல்லாம் ரோட்டை விட்டுப் போனதுல இருந்து கொஞ்சம் ஓய்வா இருக்கார். பத்மினி தயாரானதே குர்லாவுலதான், அந்த ஊர்க்காரர்கிட்டயே கேக்கறதுதான் முறை. 20 கேஜ் கனத்துல சிஆர் ஷீட் (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு) வாங்கு, முதல்ல அட்டையில வெட்டி வச்சுப் பாரு, அப்புறம் தகரத்தை வெட்டுன்னார். மெல்லிசான அட்டைப்பெட்டி எல்லாம் சரிப்படல, டிவி வந்த பெட்டிதான் சரியான கனம்.

வெல்டிங் மெஷின் கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் டைப் (ஒயருக்கு உள்ளயே ஃப்ளக்ஸ் பொடி இருக்கும்), 0.8 எம்எம் ஒயர். முதல் ஞாயிறு பூரா பொரி பறந்ததே தவிர ஒட்டவே இல்ல, ஓட்டை ஓட்டையா விழுந்தது. மேனுவலை எடுத்துப் பார்த்தா இந்த ஒயருக்கு வெல்டிங் டார்ச் (கையில பிடிக்கற கன்) நெகட்டிவ்ல இருக்கணுமாம், நான் பாசிட்டிவ்லயே வச்சிருந்தேன். மாத்தினதும் பாயசம் மாதிரி உக்காந்தது. (பேட்டரி ஒயரைக் கழட்டிடுங்க, சீட்டு கார்ப்பெட் எல்லாம் வெளிய எடுத்துடுங்க, ஒரு பக்கெட் தண்ணி பக்கத்துல இருக்கட்டும். நான் கார்ப்பெட்டுக்கு அடியில இருந்த பழைய ஃபெல்ட்டை மறந்துட்டேன், புகை வந்துச்சு.)

இப்போ நான் பண்ணின பெரிய முட்டாள்தனம். பத்மினிக்கு தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். அந்த ரன்னிங் போர்டு அழகுக்கு இல்ல, வண்டி நடுவுல தொங்காம பிடிச்சுக்கிட்டு இருக்கறதே அதுதான். நான் என்ன பண்ணேன், முன்னாடி ஜாக்கி குடுத்து தூக்கி, அரிச்ச பாகத்தை முழுசா வெட்டி எடுத்துட்டு, புது பீஸை வச்சு எட்டு இடத்துல டாக் (தற்காலிகமா புள்ளி வெல்டிங்) அடிச்சுட்டு, ரொம்ப சந்தோஷமா டோரைச் சாத்தினேன். சாத்தலை. டோர் லாக், பில்லர்ல அது போய் மாட்டற ஸ்ட்ரைக்கர் மேல முட்டுது, டோரோட பின்பக்க கேப் மேல ஒரு மாதிரி கீழ ஒரு மாதிரி. வெட்டறதுக்கு முன்னாடியே டோருக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கற ரெண்டு பில்லருக்கும் நடுவுல ஒரு ஸ்கொயர் டியூப் போட்டு இறுக்கியிருக்கணும், பாய் சொன்னார், நான்தான் சின்ன வேலைதானேன்னு விட்டுட்டேன். அன்னிக்கு சாப்பாடே இறங்கல. போன்ல சொன்னதும் பாய் சிரிச்சுட்டு "ஃபுல் வெல்டிங் தோ நஹி கியா நா?" (முழு வெல்டிங் பண்ணிடலையே?)ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நல்லவேளை, டாக்தான்.

அடுத்த ஞாயிறு எட்டு டாக்கையும் கிரைண்டர்ல வெட்டிட்டு, ஜாக்கியை எடுத்து நாலு சக்கரமும் தரையில நிக்க விட்டேன். டோரையே அளவுகோலா வச்சேன்: கேப்ல மேல ரெண்டு ஐஸ்கிரீம் குச்சி, கீழ ரெண்டு ஐஸ்கிரீம் குச்சி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுகி நிக்கற வரைக்கும் நடுவுல ஜாக்கியை நூல் நூலா ஏத்தி, அப்படியே ஸ்கொயர் டியூபைப் போட்டு இறுக்கிட்டு, திரும்ப டாக். இந்த தடவை டோர் சாத்திச்சு. அப்புறம்தான் ஃபுல் வெல்டிங், அதுவும் ஒரே கோடா இழுக்காம இந்த முனையில ஒரு புள்ளி, அந்த முனையில ஒரு புள்ளி, கை வச்சா சுடாத அளவுக்கு ஆறினப்புறம் நடுவுல ஒண்ணு. அவசரப்பட்டா ஷீட் அப்பளம் மாதிரி வளைஞ்சிடும்.

வெல்டிங்கைத் தேய்ச்சு, மூட்டு எல்லாம் சீலர், மேல எபாக்ஸி பிரைமர், பட்டி தோசை கனத்துக்கு கூட இல்ல. வடிகால் ஓட்டை நாலையும் 8 எம்எம் பிட் போட்டு திறந்தேன், உள்ள காவிட்டி வாக்ஸ் (துரு பிடிக்காம இருக்க உள்பக்கம் அடிக்கற மெழுகு) அடிச்சேன். பெயின்ட் மே மாசமே முடிச்சிடணும்னு ஓடினேன், ஏன்னா ஈரக்காத்துல என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடிச்சா தின்னர் ஆவியாகும்போது மேல ஈரம் படிஞ்சு வெள்ளையா பூத்துடும். கலர் மேட்சிங் சுமார்தான், வெயில்ல பார்த்தா தெரியுது.

ஜூன்ல முதல் மழை வந்த ராத்திரி கீழ போய் டார்ச் லைட் அடிச்சுப் பார்த்தேன், நாலு ஓட்டைல ரெண்டுல சொட்டிக்கிட்டு இருந்தது. கார்ப்பெட்டை இன்னும் போடல. அப்பா ஃப்ளோர்ல பேப்பர் விரிச்சு வச்சிருக்கார், தினம் காலையில வாக்கிங் முடிச்சுட்டு வந்து தொட்டுப் பார்க்கறார். இடது பக்கம் காய்ஞ்சே இருக்கு. டிரைவர் பக்கம் ஆக்ஸிலரேட்டருக்கு மேல ஒரு மூலை மட்டும் நனையுது, விண்ட்ஷீல்டு ரப்பரா இருக்கும், குர்லாவுல சொல்லி வச்சிருக்கேன்.